குளோரின் ஆனோடு: ருத்தேனியம் மட்டும் போதுமா, இரிடியமும் வேணுமா?

எங்க ஹைப்போ செல்லுக்கு (உப்புத் தண்ணில கரன்ட் விட்டு, வர்ற குளோரின வச்சு ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி தயாரிக்கற கருவி) ஆனோடு, அதாவது பாசிட்டிவ் தகடு, மாத்தறப்போ மூணு சாய்ஸ் இருந்துச்சு: கிராஃபைட், டைட்டானியம் தகட்டு மேல ருத்தேனியம்-டைட்டானியம் ஆக்சைடு கோட்டிங், அதுலயே இரிடியமும் கலந்தது. நாங்க எடுத்தது மூணாவது.

கிராஃபைட்டுக்கு ரெண்டு வரி போதும். விலை கம்மிதான், ஆனா ஓட ஓட அதுவே கார்பன் டை ஆக்சைடா கரைஞ்சு தேயும், எதிர்ல இருக்கற நெகட்டிவ் தகடு கேத்தோடுக்கும் அதுக்கும் நடுவுல கேப் கூடும், வோல்டேஜ் ஏறும், கரன்ட் பில்லும் ஏறும். 1960கள்ல ஹென்றி பீர் ஆக்சைடு கோட்டிங் கொண்டு வந்தப்புறம் பெரிய பிளான்ட்டெல்லாம் கிராஃபைட்ட கை கழுவினது சும்மா இல்ல.

இப்ப நிஜப் போட்டி. கணக்குப்படி உப்புத் தண்ணில ஆக்சிஜன்தான் முதல்ல வரணும், அதுக்கு 1.23 வோல்ட், குளோரினுக்கு 1.36. ஆனா ஆக்சிஜனுக்கு நாலு எலக்ட்ரான் கழட்டணும், குளோரினுக்கு ரெண்டே போதும், அதனால நிஜத்துல குளோரின்தான் முந்தும். ருத்தேனியம் அணு மேல இருக்கற ஆக்சிஜன்ல ஒரு குளோரைடு வந்து ஒட்டும், அடுத்த குளோரைடு வந்து அதோட ஜோடி சேர்ந்ததும் வாயுவா கிளம்பிடும். இந்த வேலைல ருத்தேனியம் கில்லாடி, வோல்டேஜ் மட்டும் பாத்தா அதையே வாங்கலாம்.

நான் பாத்தது ஆயுச. குளோரினும் காஸ்டிக் சோடாவும் தயாரிக்கற குளோர்-ஆல்கலி செல்லுல லிட்டருக்கு 300 கிராம் கிட்ட உப்பு இருக்கும், ஹைப்போ செல்லுல 30 கிராம்தான். உப்பு குறைஞ்சா ஆக்சிஜனும் சேர்ந்து வர ஆரம்பிக்கும், அது வர்றப்போதான் ருத்தேனியம் கொஞ்சம் கொஞ்சமா கரையும், தண்ணி ரொம்ப ஜில்லுனு இருந்தா இன்னும் மோசம். கோட்டிங் போச்சுன்னா அடில இருக்கற டைட்டானியம் தன் மேலயே கரன்ட் கடத்தாத ஆக்சைடு படலத்த போட்டுக்கும், வோல்டேஜ் எகிறும், ஹைப்போ வராது. இரிடியம் ஆக்சைடு இந்த ஆக்சிஜன் அடிய நல்லா தாங்கும், ருத்தேனியத்தையும் சேர்த்துப் பிடிச்சு வைக்கும். விலை கடிக்கும், வோல்டேஜ்ல ஒரு துளி விட்டுக்கொடுக்கணும், பரவால்ல.

பராமரிப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான், கேத்தோடுல வெள்ளையா சுண்ணாம்பு படியும், டைல்யூட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு ஊற வச்சா போயிடும், தயவு செஞ்சு கம்பி பிரஷ் போட்டு தேய்க்காதீங்க, பக்கத்துல இருக்கற ஆனோடு கோட்டிங் கீறிடும். கோட்டிங் தேஞ்சாலும் டைட்டானியம் தகடு அப்படியே இருக்கும், ரீகோட் பண்ணிக்கலாம். ரீகோட் பண்ணது புதுசு அளவுக்கு உழைக்குமான்னு கேட்டா, நாங்க இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரல.

உங்க உப்புத் தண்ணி கெட்டியா, சுத்தமா இருந்தா இரிடியத்துக்கு காசு கொட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிங்க. கடல் தண்ணியோ, நீர்த்த உப்புத் தண்ணியோன்னா யோசிக்கவே வேணாம்.