ஆசனவாய்வழி உறவுக்கு எந்த லூப்? பல வருட உபயோகத்துக்குப் பிறகு என் அனுபவம்

ஆசனவாய்வழி உறவுக்கு லூப் (உராய்வைக் குறைக்கப் பூசும் லூப்ரிகன்ட்) வாங்கும்போது, எவ்வளவு வழுக்குகிறது என்பதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். விற்பனையில் இருக்கிற எல்லாமே முதல் ஐந்து நிமிடம் நன்றாக வழுக்கும். பதினைந்தாவது நிமிடத்தில் எப்படி இருக்கிறது, ஆணுறை தாங்குகிறதா, மறுநாள் கழிப்பறையில் எரிகிறதா, இந்த மூன்றும்தான் எனக்கு முக்கியம். நானும் என் துணையும் பல வருடமாகப் பலவகை லூப்களைப் பயன்படுத்திவிட்டோம். சிலவற்றை ஒரு புட்டி முடியும்வரை, சிலவற்றை வருடக்கணக்கில். இப்போது வீட்டில் இரண்டுதான் நிற்கின்றன. ஏன் அந்த இரண்டு என்பதைத்தான் எழுதுகிறேன்.

பெண்ணுறுப்பு கிளர்ச்சியின்போது தானாகவே ஈரமாகும். மலக்குடலுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அங்கே சுரக்கிற கொஞ்சம் சளி மலம் நகர்வதற்கு மட்டும் போதும். அதோடு மலக்குடலின் உள்சவ்வு ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. பெண்ணுறுப்பில் இருப்பதுபோலப் பல அடுக்கு கிடையாது. வறட்சியில் உராய்ந்தால் கண்ணுக்கே தெரியாத கீறல்கள் விழும், வலிகூட இல்லாமல் விழலாம். எச்.ஐ.வி., கொனோரியா போன்ற தொற்றுகள் இந்த வழியில் எளிதாகப் பரவ அந்தக் கீறல்களும் ஒரு காரணம். ஆகவே இந்த உறவில் லூப் என்பது விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்கிற பொருள் கிடையாது. லூப் இல்லையென்றால் அன்றைக்கு வேண்டாம் என்பதுதான் எங்கள் வழக்கம்.

முதலில் நீர் அடிப்படையிலான ஜெல்கள். பெரும்பாலானோர் இங்கிருந்துதான் தொடங்குவார்கள், நாங்களும் அப்படித்தான். எல்லா ஆணுறைகளோடும் சேரும், எல்லா பாலியல் பொம்மைகளோடும் சேரும், தண்ணீரில் கழுவினால் போய்விடும், துணியில் கறை நிற்காது. குறை என்னவென்றால் உலர்ந்துவிடும். நீர் சவ்வுக்குள் போய்விட, மிச்சமிருப்பது பிசுபிசுவென்று இழுக்கும். அந்த நேரத்தில் மேலும் மேலும் ஜெல்லைச் சேர்ப்பதைவிட, விரலைத் தண்ணீரில் நனைத்து இரண்டு சொட்டு விட்டால் பழைய வழுக்கல் திரும்பிவிடும். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வோம்.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. நாங்கள் நீண்ட காலம் உபயோகித்த ஒரு ஜெல்லில், உறவின் நடுவிலேயே என் துணைக்கு மலம் வருவதுபோல முட்டும். மறுநாள் முழுக்க உள்ளே ஒரு காந்தல். உணவிலும் உறவுக்கு முன் செய்யும் தயாரிப்பிலும் எதை மாற்றினாலும் இது மாறவில்லை. புட்டியின் பின்புறம் உள்ள பொருட்களின் பட்டியலைப் பார்த்தபோது தண்ணீருக்கு அடுத்து இரண்டாவதாக கிளிசரின், மூன்றாவதாக புரொபைலீன் கிளைக்கால். மலச்சிக்கலுக்கு ஆசனவாயில் வைக்கிற கிளிசரின் குச்சி தெரியுமல்லவா? அதே கிளிசரின்தான். அது சுற்றியுள்ள திசுவிலிருந்து நீரை இழுத்து மலத்தை இளக்கும், குடலைத் தூண்டும், ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்துவிடும். லூப்பில் அது நிறைய இருந்தால் அதே வேலையைத்தான் செய்யும். இதில் ஆச்சரியப்பட எதுவுமே இல்லை.

இதற்குப் பின்னால் உள்ள அளவுக்கு ஆஸ்மோலாலிட்டி என்று பெயர். ஒரு திரவத்தில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. நம் ரத்தத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 290 மில்லிஆஸ்மோல். லூப்பின் எண் அதைவிட மிக அதிகமாக இருந்தால், செல்களுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டு அவை சுருங்கும், மேலடுக்கு உரியவும் செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் ஆணுறையோடு பயன்படுத்தும் லூப்கள் பற்றி வெளியிட்ட அறிவுரைக் குறிப்பில், இந்த எண் 380-ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்றும், அப்படிப்பட்டவை கிடைப்பது குறைவு என்பதால் 1200 வரை ஏற்கலாம் என்றும் சொன்னது. விற்பனையில் இருக்கும் பல ஜெல்கள் இந்த மேல் எல்லையையே பல மடங்கு தாண்டுகின்றன. ஆசனவாய் உபயோகத்துக்கு பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 5.5-லிருந்து 7-க்குள் இருக்கலாம் என்பதும் அதே குறிப்பில் உண்டு. பெண்ணுறுப்புக்கு ஏற்ற பி.எச். 4.5-ஐ ஒட்டியது, கூடுதல் அமிலத்தன்மை கொண்டது. ஆகவே அதற்கென்று தயாரித்த ஜெல் இங்கேயும் ஒத்துவரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, இந்த எண்ணை எங்கே பார்ப்பது? பெரும்பாலான புட்டிகளில் அச்சிடுவதே இல்லை. இது எனக்கு இன்றைக்கும் கோபம் வரவைக்கிற விஷயம். உள்ளே போகிற பொருள், மிகத் தேவையான தகவல் அதில் இல்லை. சில நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கும், சில மின்னஞ்சலில் கேட்டால் சொல்லும். சில புட்டிகளில் ‘ஐசோ-ஆஸ்மோட்டிக்’ (அந்த எண் உடல் திரவத்தை ஒத்தது) என்று எழுதியிருக்கும், அது நல்ல அறிகுறி. எதுவும் இல்லையென்றால் பொருட்களின் வரிசையைப் பாருங்கள். பொதுவாக அதிக அளவில் இருப்பதுதான் முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்தபடியாக ஹைட்ராக்ஸிஎத்தில்செல்லுலோஸ், கராஜீனன், சாந்தன் கம் போன்ற கெட்டிப்படுத்தும் பொருட்கள் இருந்து, கிளிசரினும் கிளைக்காலும் இல்லாமலோ பட்டியலின் கடைசியிலோ இருந்தால் நம்பி வாங்கலாம். அப்படி ஒன்றுக்கு நாங்கள் மாறிய பிறகு அந்த முட்டலும் காந்தலும் முழுதாக நின்றுவிட்டன. வேறு எதையும் நாங்கள் மாற்றவில்லை. வீட்டில் நிற்கும் இரண்டில் ஒன்று இதுதான்: கெட்டியான, மணமில்லாத, கிளிசரின் இல்லாத நீர் ஜெல். வாங்கும்போது கெட்டியானதையே பாருங்கள். தண்ணியாக ஓடுவது தொடையில்தான் வழியும், வேண்டிய இடத்தில் நிற்காது.

இரண்டாவது சிலிக்கான் லூப். ஆசனவாய்வழி உறவுக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். டைமெதிகோன், டைமெதிகோனால், சைக்ளோபென்டாசிலாக்சேன் என்று நான்கைந்து பொருட்களோடு பட்டியல் முடிந்துவிடும். நீரே இல்லாததால் உலர்வதும் இல்லை, செல்லிலிருந்து நீரை இழுக்கிற பிரச்சினையும் இல்லை. சவ்வு இதை உறிஞ்சாது. லேடெக்ஸ் ஆணுறையோடு தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆணுறைகளின் மேலேயே பெரும்பாலும் பூசியிருப்பது சிலிக்கான்தான். அரை டீஸ்பூன் அளவில் தொடங்கி, நடுவில் ஒருமுறை சேர்த்தால் எங்களுக்குப் போதும். நீர் ஜெல்லில் அதே நேரத்துக்கு நான்கு மடங்கு செலவாகும். ஆகவே புட்டியின் விலையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம், ஒரு புட்டி நீண்ட நாள் வரும்.

சிலிக்கானோடு குடித்தனம் நடத்தச் சில பழக்கங்கள் வேண்டும். வெறும் தண்ணீரில் போகாது, வெளித்தோலைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். விரிப்பில் பட்டால் எண்ணெய்க் கறைபோல நிற்கும், அதற்கென்று ஒரு பழைய கருநிறத் துண்டை விரித்துவிடுவோம். குளியலறைத் தரையில் ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே துடைத்துவிடுங்கள், பனிக்கட்டிமேல் கால் வைத்ததுபோல இழுத்துக்கொண்டு போகும். சிலிக்கானால் செய்த பொம்மைகளோடு சேர்க்கக் கூடாது. சில பொம்மைகளின் மேற்பரப்பு ஊறிப் பிசுபிசுத்துவிடும், அப்புறம் அதைச் சுத்தம் செய்யவே முடியாது. பொம்மைக்கு நீர் ஜெல், மற்றதற்குச் சிலிக்கான் என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம். இரண்டையும் கலந்த ஹைபிரிட் வகையும் உண்டு, பால்போல வெள்ளையாக இருக்கும். மோசமில்லை, ஆனால் இரண்டும் தனித்தனியாக இருக்கும்போது எனக்கு அதன் தேவை வரவில்லை.

எண்ணெய். தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில், உடம்புக்குப் பூசும் லோஷன், எல்லாவற்றையும் இந்த ஒரு தலைப்பில் போடலாம். இவை லேடெக்ஸைக் கெடுக்கும். ஆய்வகச் சோதனையில் மினரல் ஆயில் பட்ட லேடெக்ஸ் ஆணுறை ஒரே நிமிடத்தில் தன் வலுவில் பெரும்பகுதியை இழந்திருக்கிறது. கிழிவதற்கு முன் கண்ணுக்கு எந்த அடையாளமும் தெரியாது. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் வாங்கும் பாலிஐசோபிரீன் ஆணுறைக்கும் இதே கதிதான். பாலியூரித்தேன் ஆணுறையும், உள்ளே வைத்துக்கொள்ளும் நைட்ரைல் உறையும் எண்ணெயைத் தாங்கும். ஆணுறையே தேவையில்லாத, இருவரும் பரிசோதனை செய்துகொண்ட இணையர் சுத்தமான தேங்காய் எண்ணெயை உபயோகிப்பது அவர்கள் விருப்பம். நாங்கள் ஆணுறை அணிகிறவர்கள், அதனால் எண்ணெயைப் படுக்கையறைக்குள்ளேயே விடுவதில்லை. எண்ணெயால் மசாஜ் செய்துவிட்டு அதே கையால் ஆணுறையைத் தொட்டாலே போதும், கெட்டுவிடலாம்.

எச்சிலைப் பற்றி ஒரு வரி: ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும், தொண்டையில் கொனோரியா இருந்தால் அதை மலக்குடலுக்குக் கொண்டுபோகவும் கூடும்.

மரத்துப்போக வைக்கும் ஜெல்கள்தான் எனக்கு மிகவும் கவலை தருபவை. ‘முதல்முறைக்கு’, ‘வலியில்லாமல்’ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்து விற்கிறார்கள். உள்ளே லிடோகைனோ பென்சோகைனோ இருக்கும். இந்த உறவில் வலிதான் நமக்கு இருக்கிற ஒரே எச்சரிக்கை. ஆசனவாயில் இரண்டு சுருக்குத்தசைகள் உண்டு. வெளியே இருப்பதை நாம் நினைத்தால் தளர்த்தலாம். உள்ளே இருப்பது நம் பேச்சைக் கேட்காது, அதற்கு நேரம் கொடுத்தால்தான் தளரும். மரத்துப்போன இடத்தில் அது தளர்ந்ததா இல்லையா என்பதே தெரியாது; கிழிந்த பிறகு, மருந்தின் வேகம் தணிந்ததும்தான் தெரியும். அது மட்டுமில்லை, அந்த ஜெல் ஆணுறை அணியாத துணையின் உறுப்பையும் மரத்துப்போக வைக்கும், அவருக்கும் வேகம் தெரியாது. என்னிடம் கேட்கிற யாருக்கும் இதை நான் சிபாரிசு செய்ததில்லை, செய்யவும் மாட்டேன்.

நானாக்ஸினால்-9 என்ற பெயரைப் பட்டியலில் பார்த்தால் புட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள். விந்தணுவைக் கொல்லும் பொருள் அது. மலக்குடலின் மேலடுக்கை உரித்துவிடும், எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டும். ஆசனவாய்க்கு இதைப் பயன்படுத்தவே கூடாது என்பதில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாக இருக்கிறது. சூடு தரும் ஜெல், மென்தால் போட்ட குளிர்ச்சி ஜெல், பழ வாசனை, சர்க்கரைச் சுவை, இவையும் இந்த இடத்துக்கு வேண்டாம்.

உபயோகிக்கும் முறையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆணுறையின் மேல் மட்டும் தடவினால், உள்ளே நுழையும்போதே பாதி வழித்துக்கொண்டு வெளியே நின்றுவிடும். அதனால் முதலில் நகம் வெட்டிய விரலில் எடுத்து வெளியே, அப்புறம் மெதுவாக உள்ளே. விரலைச் சுற்றி இறுக்கம் விட்டுப்போவது தொடுகையிலேயே தெரியும், அதுவரை அவசரப்படுவதில்லை. சில நாள் அது நடக்காது, அன்றைக்கு வேறு விதமாக இருந்துவிடுவோம். ஊசி இல்லாத, முனை மழுங்கிய சிரிஞ்ச் போன்ற குழாய்களும் கிடைக்கின்றன. அதன் முனைக்கும் லூப் தடவிவிட்டு வைத்தால் ஜெல் ஆழம்வரை போகும். ஆணுறைக்கு உள்ளே நுனியில் ஒரு சொட்டு போதும், அதிகம் விட்டால் உறை நழுவும். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. முதன்முறையாக ஆசனவாய்வழி உறவுக்கென்றே ஓர் ஆணுறைக்கு அனுமதி கொடுத்தது. அந்த அனுமதியிலேயே, இந்த உறவுக்குப் பயன்படுத்தும்போது ஆணுறைக்கு ஏற்ற லூப் கட்டாயம் என்ற நிபந்தனை இருக்கிறது. ஆசனவாயிலிருந்து பெண்ணுறுப்புக்கு மாறுவதாக இருந்தால் உறையை மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சிறுநீர்த் தொற்று வரலாம். முன்கூட்டியே மலக்குடலின் உட்புறத்தைக் கழுவுகிறவர்கள் அதிகம் கழுவ வேண்டாம். வெறும் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஏற்றினாலும் சவ்வு பாதிக்கப்படும், சோப்பு உள்ளே போகவே கூடாது.

புதிய லூப் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒருநாள் விட்டுப் பார்த்த பிறகுதான் நாங்கள் எடுப்போம். மூலமோ வெடிப்போ இருக்கும்போது எவ்வளவு நல்ல லூப்பும் உதவாது, ஆறும்வரை காத்திருக்க வேண்டும். துடைக்கும்போது ஒருமுறை ஒரு துளி ரத்தம் வந்து நின்றுவிட்டால், இளஞ்சூட்டு நீரில் உட்கார்ந்துவிட்டுச் சில நாள் இடைவெளி விடலாம். ரத்தம் தொடர்ந்தாலோ, அடிவயிறு வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள், எதனால் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆணுறை கிழிந்து, துணையின் எச்.ஐ.வி. நிலை தெரியாது என்றால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அன்றிரவே கிளம்பிவிடுங்கள்.