கொழும்பின் ஈரத்தில் குடும்பப் படம்: கடைக் கன்வஸா, பலகையா?

கொழும்பில் ஓவியப் பொருள் விற்கும் கடையில் எண்ணெய் வர்ணத்துக்கு ஏதாவது கேட்டால், பெரும்பாலும் கையில் வருவது ஒன்றுதான்: மரச்சட்டத்தில் இழுத்து அடித்து, வெள்ளை பூசி, பிளாஸ்டிக்கில் சுற்றிய பருத்திக் கன்வஸ். பூவோ கடலோ வரைய அது போதும். குடும்பப் படத்துக்கு அதை வாங்கிய கையோடு வரைய உட்காராதீர்கள். இரண்டு மூன்று நாள் அதைச் சீர்செய்யப் பொறுமை இருந்தால் வாங்கலாம். பேரப்பிள்ளைகள் காலத்திலும் சுவரில் இருக்க வேண்டிய படம் என்றால் பலகையே நல்லது.

முதல் காரணம் முகத்தின் அளவு. 24 x 36 அங்குலத்தைக் கிடையாக வைத்து நாலு பேரை மார்பளவில் அமைத்தால் ஒரு தலைக்கு நாலரை, ஐந்து அங்குலம் கிடைக்கும். அதே அளவுக்குள் இரண்டு பேரைக் கதிரையில் இருத்தி, இரண்டு பேரைப் பின்னால் நிறுத்தி, கால்வரை வரைந்தால் தலை மூன்று அங்குலத்துக்குச் சுருங்கிவிடும். அப்போது ஒரு கண்ணின் அகலம் ஒரு சென்றிமீற்றர். தடித்த நெசவில் அந்த இடத்துக்குள் ஒரு டசின் நூல்தான் ஓடும். இமைக்கோடு நூலின் மேட்டில் ஏறி, பள்ளத்தில் விழுந்து, உடைந்து நிற்கும். கை எவ்வளவு தேர்ந்திருந்தாலும் அம்மாவின் பார்வை பிசகுவது இந்த இடத்தில்தான். தலை நாலு அங்குலத்துக்குக் குறைகிறது என்றால் வழுவழுப்பான தளத்தைத் தேடுங்கள், அல்லது ஆளைக் கிட்டக் கொண்டுவந்து மார்பளவாக்குங்கள்.

கடைக் கன்வஸை வாங்கும்போது பிளாஸ்டிக்கைப் பிரித்துப் பார்க்கக் கேளுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளையாக ஒளி தெரிந்தால் வெள்ளைப் பூச்சு மெல்லியது. வர்ணத்தின் எண்ணெய் அதன் வழியே துணிக்குள் இறங்கும், பின்பக்கம் பழுப்புப் புள்ளி விழும், காலப்போக்கில் பருத்தி நொறுங்கும். விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல மா ஒட்டினால் பூச்சில் பிசின் போதாது. மேசையில் கவிழ்த்து வையுங்கள், நாலு மூலையும் படிய வேண்டும். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள்: 24 x 36க்கு இரண்டும் 43¼ அங்குலம் வர வேண்டும். கால் அங்குலம் பிசகினாலே பிரேம் போடுபவர் தலையில் கைவைப்பார். முக்கியமாக, சட்டத்தின் உள்மூலையில் ஆப்புச் செருகும் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான சட்டங்களில் மூலையை ஸ்டேப்பிள் அடித்து முடித்திருப்பார்கள், தொய்ந்தால் பிறகு இறுக்க வழியில்லை. பின்னால் தண்ணீர் தெளித்தால் இறுகும் என்பார்கள். உலர்கிறபோது இறுகுவது உண்மை, ஆனால் அது நிலைக்காது. வெள்ளவத்தைபோலக் கடலோர வீடுகளில் பின்பக்கத்தை நனைப்பது பூஞ்சணத்தைக் கூப்பிடுவதும் ஆகும்.

சீர்செய்ய, அக்ரிலிக் ஜெஸோ, அதாவது வர்ணத்துக்கு அடியில் தளமாகப் பூசும் வெள்ளைப் பூச்சு, இரண்டு முறை. முதலாவதைக் குறுக்காக, இரண்டாவதை நெடுக்காக. ஒவ்வொன்றும் காய்ந்தபின் 320 இலக்கச் சாண்ட்பேப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தொட்டால் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்ததுபோல் இருக்கும், நம்பாதீர்கள். எண்ணெய் வர்ணம் தொடுவதற்கு மூன்று நாள் விடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் சில நாள். சுவருக்கு அடிக்கும் இமல்ஷனை ஜெஸோவுக்குப் பதில் பூசுவது வேண்டாம். அது சுவருக்காகச் செய்தது, எண்ணெய்ப் படலத்தைத் தாங்கச் செய்ததல்ல.

ஆளிச்செடி நாரில் நெய்த லினன் அழகான துணிதான், நெசவும் நுண்மை. ஆனால் கொழும்பின் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் நாட்கள் ஏராளம். லினன் ஈரத்துக்கு மிக அசையும். அதிலும் முயல்தோல் பசை பூசிய லினனை இங்கு தவிர்க்க வேண்டும்: ஈரத்தில் பசை இளகும், ஏசி அறையில் வறண்டு இழுக்கும். இந்த இழுபறியில் மேலே இருக்கும் வர்ணம் வெடிக்கிறது.

பலகைக்கு வருவோம். மரநாரை அழுத்திச் செய்த 3 மில்லிமீற்றர் ஹாட்போட் இரண்டடிக்கு மேல் வளையும், பின்னால் சட்டம் ஒட்டாமல் உதவாது. ஒட்டுப்பலகையின் மேல்தாள் இழைவழியே மயிர்க்கோடாக வெடிக்கும், துணி ஒட்டினால்தான் அது சரி. மரத்தூள் நாரைப் பசையோடு அழுத்திய 6 மில்லிமீற்றர் எம்டிஎஃப் பலகை நல்ல தெரிவு. 24 x 36இல் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ, சாதாரணக் கொளுக்கியே தாங்கும். அதன் பலவீனம் விளிம்பு: ஈரம் அங்கேதான் நுழைந்து ஊதும். முன், பின், நாலு விளிம்பு எல்லாவற்றுக்கும் ஜெஸோ போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையும்.

எல்லாவற்றிலும் சிறந்தது, ஓவியக் கடையில் கிடைக்காதது: பெயர்ப்பலகை செய்பவர்கள் பாவிக்கும் 3 மில்லிமீற்றர் அலுமினிய ஏசிபி தகடு, அதாவது நடுவில் பிளாஸ்டிக் வைத்து இருபுறமும் மெல்லிய அலுமினியம் ஒட்டியது. ஈரம் குடிக்காது, கறையான் தொடாது, எடையும் எம்டிஎஃப்பை விட அதிகமில்லை. வேலை முடிந்து மிஞ்சிய துண்டையே கேட்டு வாங்கலாம். மேற்பூச்சின் மினுக்கம் முழுதும் போகும்வரை 320ஆல் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஜெஸோ மூன்று மெல்லிய பூச்சு. மினுக்கம் மிஞ்சிய இடத்தில் ஜெஸோ உரிந்து வரும், அதனால் ஓரத்தில் டேப் ஒட்டிப் பிடுங்கிப் பார்த்துவிட்டே வரையத் தொடங்குங்கள். மூலை இடிபட்டால் நசுங்கும், ஆகவே பிரேம் கட்டாயம்.

பலகையில் தூரிகை வழுக்கும், வர்ணத்தை நூல் பிடித்துக்கொள்ளாது. அதற்கு பேர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு எண்ணெய் வர்ணத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லிதாகத் துடைத்து நிறம் ஏற்றுங்கள். நம் தோல் நிறத்துக்கு வெள்ளைத் தளத்தைவிட அந்தப் பழுப்பே நல்ல தொடக்கம். அம்பர் சீக்கிரம் காயும், அதனால் அடியில் போடவும் ஏற்றது. அடிப்படலத்தில் சிங்க் வெள்ளை வேண்டாம், அது கண்ணாடிபோல உடையும், டைட்டேனியம் எடுங்கள். காய்ந்தபின் கருமை மங்கிச் சோர்ந்து தெரிந்தால் தளம் எண்ணெயை உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஆளிவிதை எண்ணெயைத் துளியாகத் தடவி, துணியால் முழுதும் ஒற்றி எடுத்தால் நிறம் மீளும். வார்னிஷ் ஆறு மாதத்துக்குப் பிறகு.

தளங்களை நேரில் ஒப்பிட விரும்பினால், வருடத் தொடக்கத்தில் கொழும்பு கிரீன் பாத்தில் நடக்கும் கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தையில் ஓவியர்களே விற்கிறார்கள், படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கக் கேட்கலாம். பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் ஃபவுண்டேஷனில் ஹரி பீரிஸ் வரைந்த உருவப்படங்களையும், அவரும் சேர்ந்திருந்த, 1943இல் தொடங்கிய ‘43 குழு’ ஓவியர்களின் மற்ற வேலைகளையும் கிட்ட நின்று பார்க்கலாம்.

மாட்டும்போது பிரேமின் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் அரை அங்குல இடைவெளி விடுங்கள். தென்மேற்கு மழை அடிக்கும் வெளிச்சுவரைத் தவிருங்கள். காலமான பெரியவர் படத்தில் இருந்தால் மாலை போடுவார்கள், விளக்கும் வைப்பார்கள். ஈரப்பூமாலையைப் படத்தின் மேல் சாத்தாமல் பிரேமுக்கு வெளியே தொங்கவிட, மேல்சட்டத்தில் இரண்டு கொக்கியை இப்போதே அடித்து வையுங்கள்.