கிழக்கு மெல்பர்ன் பள்ளி நடை: போகலாம், ஆனால் ஒரு குறை

மெல்பர்னின் பழைய தனியார் பள்ளிகளைப் பற்றி வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம் நடந்தோம். என் மகளையும் கூட்டிப்போனேன், போனது நல்லதாகப் போயிற்று.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவின் 1872 கல்விச் சட்டம் இலவசக் கட்டாயக் கல்வி தந்தது, ஆனால் அது ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் காசு கட்டித்தான். பையன்களுக்கு ஸ்காட்ச் கல்லூரி 1851-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கோ பெரும்பாலும் யாராவது ஓர் அம்மா தன் வீட்டு முன்னறையில் நடத்திய சின்னப் பள்ளிதான். வழிகாட்டி பழைய விளம்பரம் ஒன்றின் நகலைக் கையில் கொடுத்தார்: பியானோவுக்குத் தனிக் கட்டணம், பிரெஞ்சுக்குத் தனி, ஓவியத்துக்கும் தனி. என் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கணக்குப் பாடம் எங்கேப்பா?" என்று கேட்டாள். எனக்கு மனசு கனத்துவிட்டது.

அப்புறம் 1875-ல் ஆல்பர்ட் தெருவில் பிரஸ்பிட்டேரியன் பெண்கள் கல்லூரி திறந்து, பையன்கள் படிப்பதையே பெண்களும் படிக்கலாம் என்று காட்டியது. பாடகி நெல்லி மெல்பாவும் வாக்குரிமைக்குப் போராடிய விடா கோல்ட்ஸ்டீனும் அங்கே படித்தவர்கள். அந்த இடத்தில் பழைய கட்டடம் இப்போது இல்லை, நின்று கற்பனைதான் செய்ய வேண்டும்.

குறை என்னவென்றால், பையன்கள் பள்ளிக்கே பாதி நேரம் போய்விட்டது, வீட்டுப் பள்ளி நடத்திய பெண்களுக்குப் பத்து நிமிடம்கூட இல்லை. அதைச் சரிசெய்தால் நான் மறுபடியும் வருவேன்.