கீழக்குயில்குடி சமணர் மலை: உச்சியை விடுங்கள், பேச்சிப்பள்ளத்தில் நில்லுங்கள்

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் போய் நாகமலை புதுக்கோட்டையில் திரும்பினால் கீழக்குயில்குடி. தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். பக்கத்திலேயே மலைக்குப் படி. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், ஆனால் டிக்கெட் கிடையாது.

வருகிறவர்களில் பலர் மூச்சு வாங்க உச்சிக்கு ஏறி, செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது வழியிலேயே இருக்கிறது. பேச்சிப்பள்ளத்தில் சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள், 9-10ஆம் நூற்றாண்டு வேலை. தலைக்கு மேல் நாகம் படமெடுத்தால் பார்சுவநாதர், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களில் (குருமார்களில்) ஒருவர். உடம்பில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி, அசையாமல் நின்று தவம் செய்த சமணத் துறவி. முக்குடையின் (மூன்றடுக்குக் குடையின்) கீழ் உட்கார்ந்திருப்பவர்களில் மகாவீரரும் உண்டு. சிற்பங்களின் அடியில் வட்டெழுத்து, அந்தக் காலத் தமிழ் எழுத்து. யார் செய்வித்தது என்று அதில் பெயரோடு இருக்கிறது: ஒன்று அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தது. மகன் துறவி, தாய் கொடையாளி. இதற்காகவே ஏறலாம்.

நேரம் முக்கியம். உச்சி வெயிலில் வெளிச்சம் நேராக விழுந்து எழுத்தின் பள்ளம் தெரியாது; வெயில் சாய்வாக விழும்போதுதான் நிழல் கட்டி எழுத்து எழும். எழுத்து தெரியட்டும் என்று சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பது, எண்ணெய் தடவுவது கூடவே கூடாது. கல்லுக்கும் கேடு, சட்டப்படி குற்றமும்கூட: 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வட்டெழுத்து தெரியாதவர்கள் கல்வெட்டின் வாசகத்தை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொண்டு வருவது நல்லது.

அதற்கும் மேலே மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்துச் சமணப் பள்ளி, அதாவது துறவிகளின் மடம். இன்னும் ஏறினால் கன்னடக் கல்வெட்டு. நிழல் இல்லை, குடிதண்ணீர் இல்லை. ஆளுக்கு 1 லிட்டர் கட்டாயம். கோடையில் பத்து மணிக்கே பாறை சுடும். மழை பெய்திருந்தால் சுனைப் பக்கம் வழுக்கும். தேய்ந்த செருப்போடு ஏற வேண்டாம்.

செட்டிப்புடவு என்ற குகை இந்தப் படியில் வராது. மலையைச் சுற்றித் தென்மேற்குப் பக்கம் போக வேண்டும். வெளியே பெரிய தீர்த்தங்கரர். குகைக்குள் நிமிர்ந்து பார்த்தால் சிங்கத்தின் மேலிருந்து யானை மேல் வரும் வீரனோடு சண்டை போடும் இயக்கி, சமணர்களின் காவல் பெண் தெய்வம். சமணச் சிற்பம் என்றால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்று நினைப்பவர்கள் முதலில் இங்கே போகலாம். நேரம் குறைவென்றால் உச்சியை விட்டுவிடுங்கள், செட்டிப்புடவை விடாதீர்கள்.