டயர் மாற்றப் போகிறீர்களா? வீல் நட் முடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

நான்கு டயரும் புதிதாகப் போட்ட மூன்றாவது வாரம், இரவில் பஞ்சர். ஸ்டெப்னி மாட்டலாம் என்று வீல் ஸ்பேனரைப் போட்டால் ஒரு நட்டும் அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தேன். மூன்று கழன்றன. நான்காவது, ஸ்டட்டோடு (நட்டு ஏறும் புரிக்கம்பி) முறிந்து வந்தது.

டயர் போட்ட அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன். நட்டை வேகமாக முடுக்கும் இம்பேக்ட் கன்னை வைத்து டர்ர்ர் என்று வரிசையாக விட்டுக்கொண்டே போனான் பையன். "தம்பி, டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். நாம் வைத்த அளவுக்கு இறுகியதும் கிளிக் என்று சொல்லும் ஸ்பேனர் அது. "கன்னு போட்டா கையால கழட்டவே முடியாது சார்" என்றான் பெருமையாக. பொய் சொல்லவில்லை, பாவம்.

இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டியபோதுதான் வயிறு கலங்கியது. பின்வீலில் ஒரு நட்டு கோணலாகப் புரி ஏறியிருந்தது. கன் புரியைத் தின்றுகொண்டே போய்ப் பாதியில் இறுகிவிட்டது. தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் வீலைப் பிடிக்கவே இல்லை. கடைக்காரரிடம் கேட்டால், நான் ஓவர்லோடு ஏற்றியிருப்பேனாம்.

வீல் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு என் காரின் கையேட்டில் 110 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். நட்டை முதலில் விரலால் சில சுற்றாவது ஏற்ற வேண்டும். கோணல் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு எதிரெதிர் நட்டாக லேசாக முடுக்கி, ஜாக்கியை இறக்கி டயர் தரையில் ஊன்றியதும், அதே வரிசையில் டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். கிளிக் கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள். 'சும்மா இன்னொரு இழுப்பு' வேண்டாம். புரியில் எண்ணெயும் வேண்டாம். அதே அளவு வைத்தாலும் ஸ்டட் அதிகமாக இழுபடும். 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்பச் சோதிக்க வேண்டும்.

ஒரு நாடகமும் நடக்கிறது. கன்னால் கண்டபடி முடுக்கிவிட்டு, அப்புறம் உங்கள் கண்முன் டார்க் ரெஞ்சை வைத்துக் கிளிக் காட்டுவார்கள். அளவுக்கு மேல் இறுகிய நட்டிலும் அது கிளிக் என்றுதான் சொல்லும். கிளிக்குக்கு முன்னால் நட்டு கொஞ்சமாவது திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் தளர்த்தி மறுபடி முடுக்கச் சொல்லுங்கள்.

முறிந்த ஸ்டட்டை மாற்றியாகிவிட்டது. பிரேக் பிடித்தால் மட்டும் ஸ்டியரிங் இன்னும் லேசாக நடுங்குகிறது. பிரேக் டிஸ்க் கோணியிருக்கும் என்கிறார் மெக்கானிக்; அடுத்த வாரம் கழற்றிப் பார்க்க வேண்டும்.