கிரிப்டோ கணக்கும் போலி கஸ்டமர் கேரும்: எந்தப் பாதுகாப்பு எதுவரை தாங்கும்?

"சார், உங்க அக்கவுண்ட்ல வேற யாரோ லாகின் பண்ணியிருக்காங்க, உடனே பாதுகாப்பான வாலட்டுக்கு மாத்தணும்." (வாலட் என்றால் கிரிப்டோ காயின்களை வைக்கும் டிஜிட்டல் பணப்பை.) இப்படித் தொடங்கும் அழைப்பில் பேசுகிறவருக்கு உங்கள் முழுப்பெயர் தெரியும், மின்னஞ்சல் தெரியும், சில சமயம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதுகூடத் தெரியும். இவ்வளவு தெரிந்தவர் கம்பெனி ஆளாகத்தான் இருப்பார் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த விவரங்களெல்லாம் வெளியில் விலைக்குக் கிடைக்கின்றன. காயின்பேஸ் எனும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் (காயின்களை வாங்கி, விற்று, வைத்துக்கொள்ளும் தளம்) வெளிநாட்டு வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு 69,461 பேரின் விவரங்களைக் கொடுத்துவிட்டார்கள் என்பது 2025 மே மாதம் வெளியே வந்தது. பெயர், முகவரி, போன் எண், அடையாள அட்டைப் படம், கணக்கு இருப்பு, பரிவர்த்தனை வரலாறு எல்லாம் அதில் அடக்கம். திருடியவர்கள் 2 கோடி டாலர் கேட்டு மிரட்டினார்கள். கம்பெனி கொடுக்க மறுத்து, அதே தொகையைத் துப்புக் கொடுப்பவர்களுக்கான பரிசாக அறிவித்தது. மிரட்டியவர்கள் அந்த விவரங்களைத் திருடியதே, காயின்பேஸிலிருந்து பேசுவதுபோல் வாடிக்கையாளர்களை அழைக்கத்தான்.

அதனால் "குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிடுவேன்" என்ற நம்பிக்கையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நாம் ஏமாந்துபோன அந்தப் பத்து நிமிடத்திலும் பணத்தைப் பிடித்து வைப்பது எது? கீழே உள்ள ஒவ்வொன்றையும் இந்த ஒரே அளவுகோலில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

எஸ்எம்எஸ் ஓடிபி, ஆத்தென்டிகேட்டர் ஆப், பாஸ்கீ

லாகினைப் பாதுகாக்கும் இந்த மூன்றில் எஸ்எம்எஸ் ஓடிபிதான் பலவீனமானது. உங்கள் எண்ணுக்கு இன்னொருவர் புது சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவருக்குத்தான் போகும். 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசியின் எக்ஸ் கணக்கில், பிட்காயின் ஈடிஎஃப்களுக்கு (பங்குச் சந்தையில் விற்கப்படும் பிட்காயின் நிதிகளுக்கு) அனுமதி கிடைத்துவிட்டதாக ஒரு பொய்ப் பதிவு வந்தது. அலபாமாவில் ஒருவர் போலி அடையாள அட்டையுடன் செல்போன் கடைக்குப் போய், அந்தக் கணக்கோடு இணைந்திருந்த எண்ணுக்குப் புது சிம் வாங்கியிருந்தார். அந்தக் கணக்கில் அப்போது பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இரண்டாம் பூட்டு எதுவும் போடப்படவில்லை. எண் கைமாறியதும், அதற்கு வரும் ரீசெட் ஓடிபி வழியாகக் கணக்கும் கைமாறியது. சிம் வாங்கியவருக்கு 14 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆத்தென்டிகேட்டர் ஆப், அதாவது ஆறு இலக்க எண்ணை உங்கள் போனிலேயே உருவாக்கித் தரும் ஆப், சிம் மோசடியைத் தடுக்கும். அதற்காகவே எஸ்எம்எஸ்ஸைவிட அது ஒரு படி மேல். ஆனால் போலி இணையதளத்திடம் அதுவும் தோற்றுவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. நடப்பது இதுதான்: எக்ஸ்சேஞ்சின் முகப்பைப் போலவே இருக்கும் பக்கத்தில் மின்னஞ்சல், பாஸ்வேர்டு, ஆறு இலக்க எண் மூன்றையும் போடுகிறீர்கள். அந்த எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும், சரி. ஆனால் மோசடிக்காரரின் புரோகிராம் அதை ஓரிரு விநாடியிலேயே உண்மையான தளத்தில் போட்டு உள்ளே போய்விடுகிறது. உங்கள் திரையில் "சரிபார்க்கிறோம், காத்திருக்கவும்" என்று சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். போனில் எண்ணைக் கேட்டு வாங்குபவருக்கோ இந்த வேலைகூடத் தேவையில்லை.

பாஸ்கீ இங்கேதான் வேறுபடுகிறது. அதில் கேட்டு வாங்குவதற்கு எண்ணே கிடையாது. பாஸ்கீ என்பது உங்கள் போனிலோ, கணினியில் செருகும் யூபிகீ போன்ற சிறிய சாவியிலோ இருக்கும் ஒரு ரகசியக் குறியீடு. அது எந்த இணையதளத்துக்காக உருவாக்கப்பட்டதோ அதன் முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறது. முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் பிரவுசர் அதை வெளியே எடுக்காது. நீங்கள் முழுமனதோடு ஏமாந்து நின்றாலும் அந்தப் போலிப் பக்கத்துக்கு உங்களால் அதைக் கொடுக்க முடியாது. கண்ணால் கண்டுபிடிக்க வேண்டியதை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. காயின்பேஸ், பைனான்ஸ், கிராக்கன் ஆகிய எக்ஸ்சேஞ்சுகளில் இந்த வசதி இருக்கிறது. உங்கள் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறதா என்று செக்யூரிட்டி செட்டிங்ஸில் பாருங்கள். இருந்தால் இன்றே போடுங்கள். அப்புறம் ஒரு விஷயம்: பாஸ்கீயைப் போட்டுவிட்டு, எஸ்எம்எஸ்ஸையும் மாற்று வழியாக விட்டுவைத்தால் மோசடிக்காரர் அந்த வழியாகத்தான் வருவார். அதை நிறுத்த முடிந்தால் நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவு வலுவான பாஸ்கீயும் காப்பாற்றாத ஒரு இடம் உண்டு. நீங்களே லாகின் செய்து, நீங்களே அனுப்பினால் அது குறுக்கே வராது. 2024 ஆகஸ்டில் வாஷிங்டனில் ஒருவரிடமிருந்து 4,000-க்கும் அதிகமான பிட்காயின்கள் போனது அப்படித்தான். மதிப்பு 23 கோடி டாலருக்கும் மேல். முதலில் கூகுள் சப்போர்ட் என்று ஓர் அழைப்பு, அடுத்து ஜெமினி எக்ஸ்சேஞ்ச் சப்போர்ட் என்று இன்னொன்று. இரண்டாம் பூட்டை ரீசெட் செய்ய வைத்தார்கள், எனிடெஸ்க் வழியாகத் திரையைப் பகிர வைத்தார்கள். கணினியில் இருந்த பிரைவேட் கீயும் (காயினை நகர்த்தும் ரகசியச் சாவி) அந்தத் திரையிலேயே தெரிந்துவிட்டது.

அப்படியானால் தாமதம் வேண்டும்

எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து நீங்களே அனுப்பிவிடும் ஓட்டையை அடைப்பது வித்டிராயல் ஒயிட்லிஸ்ட். முன்பே பதிவு செய்த வாலட் முகவரிக்கு மட்டும்தான் காயின் போகும். புது முகவரியைச் சேர்த்தால், எக்ஸ்சேஞ்சைப் பொறுத்து 24 அல்லது 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். "உடனே மாத்துங்க" என்கிற ஆளுக்கு இதைவிடப் பெரிய தடை இல்லை. ஒன்றிரண்டு நாள் அவகாசம் கிடைத்தால் வீட்டில் யாராவது "இரு, விசாரிப்போம்" என்று சொல்லிவிடுவார்கள். அவசரத்துக்குப் பணம் எடுக்க முடியாதே என்பவர்கள், தங்கள் வங்கிக் கணக்குக்கு ரூபாயாக எடுப்பதற்கும் இதற்கும் பொதுவாகச் சம்பந்தமில்லை என்பதைக் கவனியுங்கள். இது காயினை வெளி வாலட்டுக்கு அனுப்புவதற்கான பூட்டு. ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன், பாஸ்கீயைக்கூட இதற்கு அடுத்துத்தான்.

எக்ஸ்சேஞ்சா, சொந்த ஹார்டுவேர் வாலட்டா?

எக்ஸ்சேஞ்சில் வைத்தால் அந்தக் கம்பெனியின் பாதுகாப்பையும் நம்பியாக வேண்டும். 2024 ஜூலையில் இந்திய எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போனபோது, வாடிக்கையாளர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. லெட்ஜர், டிரெசர் போன்ற ஹார்டுவேர் வாலட் கருவிகளில் நீங்களே வைத்துக்கொண்டால் அந்தக் கவலை இல்லை.

ஆனால் ஆள்மாறாட்டம் என்ற ஒரு கோணத்தில் பார்த்தால் நிலைமை தலைகீழ். சொந்த வாலட்டில் எல்லாமே சீட் ஃப்ரேஸ் எனும் 12 அல்லது 24 சொற்களில் அடங்கிவிடுகிறது. அது யார் கைக்குப் போனாலும் தாமதமும் இல்லை, முடக்குவதற்கு ஆளும் இல்லை. 2020-இல் லெட்ஜர் நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட வாடிக்கையாளர் பட்டியல் அந்த ஆண்டு டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டது. ஏறக்குறைய 2,72,000 பேரின் வீட்டு முகவரியும் போன் எண்ணும் அதில் இருந்தன. அடுத்த ஆண்டு சிலருக்குத் தபாலில் ஒரு பெட்டி வந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், பார்க்க லெட்ஜரின் அசல் நானோ எக்ஸ் கருவி போலவே இருந்தது. உங்கள் பாதுகாப்புக்காகப் புதுக் கருவி அனுப்பியிருக்கிறோம் என்று தலைமைச் செயல் அதிகாரியின் பெயரில் ஒரு கடிதமும் கூடவே இருந்தது. கருவியைத் திறந்து பார்த்தால் உள்ளே சர்க்யூட் போர்டோடு ஒரு பென்டிரைவை வயர் வைத்து ஒட்டியிருந்தார்கள். கணினியில் செருகி, அதில் இருக்கும் புரோகிராமை ஓட்டி, 24 சொற்களையும் தட்டச்சு செய்யச் சொல்லியிருந்தது குறிப்பு. திருட வந்த கருவியே பாதுகாப்புக் கருவியின் உருவில் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது.

என் முடிவு இதுதான்: நீண்ட காலம் தொடாமல் வைக்கப்போகும் பெரிய தொகைக்கு ஹார்டுவேர் வாலட். அதுவும், அந்தச் சொற்களை அசல் கருவியைத் தவிர வேறு எந்தத் திரையிலும், யார் கேட்டாலும், என்ன காரணம் சொன்னாலும் போடமாட்டேன் என்று உறுதியாக இருப்பவருக்கு மட்டும். மிரட்டினால் பதறிவிடக்கூடியவர் என்றால், குறிப்பாக வீட்டில் பெரியவர்கள் பெயரில் இருந்தால், ஒயிட்லிஸ்ட் போட்ட எக்ஸ்சேஞ்ச் கணக்கே மேல். "சாவி உன்னிடம் இல்லையென்றால் காயின் உன்னுடையதில்லை" என்று எல்லோருக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை.

கூகுள், ஆப் ஸ்டோர், புக்மார்க்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கூகுளில் தேடினால் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம், விளம்பரத்தை யாரும் வாங்கலாம். சப்போர்ட் எண்ணை அப்படித் தேடவே வேண்டாம். ஆப் ஸ்டோர் கொஞ்சம் தேவலை, ஆனால் 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே ஒரு போலி லெட்ஜர் லைவ் ஆப் இருந்து, சுமார் 16.8 பிட்காயின் அளவுக்குப் பணம் பறிபோனது. ஒருமுறை நிதானமாகச் சரிபார்த்து நீங்களே போட்டுக்கொண்ட புக்மார்க்தான் வெல்கிறது. பைனான்ஸ் தரும் ஆன்டி-ஃபிஷிங் கோடு, அதாவது நாம் குறிக்கும் ஒரு சொல் அசல் மெயில்களில் மட்டும் வருவது, மெயிலுக்கு நல்லது. போன் அழைப்புக்கு உதவாது. டெலிகிராமில் தானாக முதலில் மெசேஜ் அனுப்பும் "அட்மின்" யாராக இருந்தாலும் பிளாக் செய்துவிடலாம்.

போன பிறகு: 1930-ஆ, ரெகவரி ஏஜென்டா?

பறிகொடுத்ததைப் பற்றி எக்ஸிலோ டெலிகிராமிலோ புலம்பினால் சில நிமிடங்களில் "மீட்டுத் தருகிறேன்" என்று ஆட்கள் வருவார்கள். ஹேக்கர் என்பார்கள், சைபர் போலீஸ் என்றும் சொல்வார்கள். முன்பணம் கேட்பார்கள், அல்லது மறுபடி அதே சீட் ஃப்ரேஸ். வலியில் இருக்கிறவரிடம் இரண்டாவது முறை பிடுங்குவது இது, நினைத்தாலே வயிறு எரிகிறது. உறுதி செய்யப்பட்ட கிரிப்டோ பரிவர்த்தனையைத் திருப்பும் பொத்தான் எந்த ஏஜென்டிடமும் இல்லை.

இந்தியாவில் இருப்பவர் அழைக்க வேண்டியது சைபர் மோசடி உதவி எண்ணான 1930. கூடவே தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும், எக்ஸ்சேஞ்சுக்கு ஆப்பின் உள்ளிருந்தே டிக்கெட் (புகார்) போட வேண்டும். டிரான்சாக்ஷன் ஐடி, காயின் போய்ச் சேர்ந்த முகவரி, வந்த அழைப்பின் எண், நேரம் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். திருடிய காயினை ரூபாயாகவோ டாலராகவோ மாற்ற அவர்கள் ஏதாவது ஒரு எக்ஸ்சேஞ்சுக்குள் கொண்டுபோயிருந்தால், போலீஸ் கேட்கும்போது அந்த எக்ஸ்சேஞ்சால் கணக்கை முடக்க முடியும். அங்கிருந்தும் வெளியேறிவிட்டால் முடக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது, அதனால் மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள்.