ராணிப்பேட்டை சிப்காட்டில் செம்பு கேவிட்டி: வேலை நன்று, பஃப் மட்டும் பிடிக்க விடாதீர்கள்

பாய்லர் பாகங்களும் தோல் பதனிடும் மெஷின் ரோலர்களும் செய்து பழகிய சிறு பட்டறை. மைக்ரோவேவ் கேவிட்டி, அதாவது மைக்ரோவேவ் அலையை உள்ளே அடைத்து அதிர வைக்கும் உலோகப் பெட்டி, அவர்களுக்குப் புதிது. ஆனாலும் வி.எம்.சி. (கணினி ஓட்டும் மில்லிங்) மெஷின் அருமை, ஓட்டுபவர் வரைபடத்தை முழுக்கப் படிக்கிறார்.

கொடுத்த வேலை: ஆக்சிஜன் இல்லாச் செம்பில் உள்ளளவு 40×20×8 மி.மீ. இதன் டி.இ.101 எனும் அடிப்படை அதிர்வு 8.38 கிகாஹெர்ட்ஸ். உள்ளே 1 மி.மீ. யிக் (இட்ரியம்-இரும்பு கார்னெட் எனும் காந்தப் படிகம்) உருண்டை; காந்தப்புலம் 0.3 டெஸ்லாவை நெருங்கும்போது உருண்டையின் ஸ்பின் அலையும் (அதன் காந்தத் துடிப்பும்) கேவிட்டியின் ஃபோட்டானும் (மைக்ரோவேவ் அலையும்) ஒரே அதிர்வெண்ணுக்கு வரும். இரண்டுக்கும் பிணைப்பு வலுவாக இருந்தால், அளவீட்டில் தெரியும் ஒரு அதிர்வு முகடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். இந்த அளவுகளுக்குப் பிணைப்பு சுமார் 50 மெகாஹெர்ட்ஸ், முகடுகளின் இடைவெளி 100.

20 மி.மீ. பக்கத்தில் 0.1 பிசகினால் அதிர்வு 33 மெகாஹெர்ட்ஸ் நகரும், காந்தப்புலத்தை 1.2 மில்லிடெஸ்லா மாற்றினால் தீர்ந்தது. அளவுக்காக மல்லுக்கட்ட வேண்டாம். எந்த இடத்தில் இரண்டாக வெட்டுகிறார்கள் என்பதற்குத்தான் மல்லுக்கட்ட வேண்டும். பெட்டி செய்து மேலே மூடி போடலாம் என்பார்கள். அவர்களுக்கு அது சுலபம். ஒத்துக்கொள்ளாதீர்கள். சுவரில் ஏறி மூடிக்குப் பாயும் மின்னோட்டம் அந்த விளிம்பைக் கடந்தாக வேண்டும், அங்கே இழப்பு கூடும். 20 மி.மீ. பக்கத்தின் நடுவில் வெட்டி, 10 மி.மீ. ஆழத்தில் இரு பாதிகளாகக் கேளுங்கள். அந்தக் கோட்டை எந்த மின்னோட்டமும் கடப்பதில்லை. 10 மி.மீ. ஆழத்துக்கு 4 மி.மீ. எண்ட் மில்லும் (சுழன்று வெட்டும் கருவி) வளையாமல் இறங்கும். மூலைகளில் 2 மி.மீ. வளைவு விழுந்து அதிர்வு சற்று ஏறும், அவ்வளவுதான்.

எண்ட் மில் புதிதாக இருக்க வேண்டும். மழுங்கினால் செம்பு முனையில் அப்பிக்கொண்டு பரப்பைக் கிழிக்கும். மைக்ரோவேவ் ஓடுவது மேலே 0.7 மைக்ரான் ஆழத்தில்தான்.

குறை ஒன்று. பளபளக்கட்டும் என்று இரு பாதிகளும் சேரும் முகத்துக்கு பஃப் (துணிச் சக்கர மெருகு) பிடித்துவிட்டார்கள். விளிம்பு உருண்டு, பாதிகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. கேட்டதும் முகம் மட்டும் திரும்ப மில்லிங் செய்து, சர்ஃபேஸ் பிளேட்டில் தேய்த்துக் கொடுத்தார்கள். கூடுதல் காசு கேட்கவில்லை. வரைபடத்திலேயே ‘பஃப் வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள்.

முகடு பிரிவதைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்குப் பித்தளையே தாராளம். க்யூ (அதிர்வு எவ்வளவு நேரம் தங்கும் என்பதன் அளவு) 1000-க்கு இறங்கினாலும் இழப்பு, அதாவது முகட்டின் அகலம், 8.4 மெகாஹெர்ட்ஸ்தான், பிணைப்பு அதைவிடப் பல மடங்கு.

உருண்டையைத் தாங்கும் குச்சிக்கான துளையை 40×8 முகத்தின் நடுவில் போடச் சொல்லுங்கள். அலையின் காந்தப்புலம் அங்கேதான் உச்சம். வெளிக் காந்தம் 8 மி.மீ. திசையில் வர வேண்டும். உருண்டை சுவரை ஒட்டினால் புலம் சீராக இருக்காது. வேறு ஸ்பின் அலைகளும் கிளம்பிச் சின்னச் சின்னப் பிளவுகள் தெரியும். சுவரிலிருந்து 1 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள்.

எம்3 பித்தளை ஸ்குரூவை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். பட்டறையில் இருப்பது இரும்பு. காந்தத்துக்கு நடுவே அது ஆகாது.